யார் கையில் எந்தச் சாவி?

வணிக மென்பொருளில் யாருக்கு எவ்வளவு அனுமதி தருவது, உள்ளே இருக்கும் தரவை எப்படிக் காப்பது என்று கேட்டு வந்த கடிதங்கள் இம்முறை கணிசமாகச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, எழுதியவரையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இங்கே தருகிறேன்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 12 பேர் பில் போடுகிறோம். எல்லோருக்கும் 'அட்மின்' என்ற ஒரே யூசர் ஐடி, ஒரே பாஸ்வேர்டு. சென்ற மாதம் 48,600 என்றிருந்த ஒரு பில் 46,800 ஆக மாற்றப்பட்டிருப்பதைக் கணக்குப் பிரிவினர் கண்டுபிடித்தார்கள். அன்று மாலை கடைசியாகக் கிளம்பியவள் நான் என்பதால், என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நான் மாற்றவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? இனியாவது ஆளுக்கொரு ஐடி வேண்டும் என்று கேட்டால், 'நமக்குள் என்ன சந்தேகம்' என்று நிர்வாகி மறுக்கிறார்.

பதில்: உங்கள் கடிதம் மனத்தைச் சங்கடப்படுத்தியது. பொது ஐடி வைத்திருந்தால் திருட்டு நடக்கும் என்றுதான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். தவறே செய்யாத ஒருவர் அதை நிரூபிக்க வழியில்லாமல் நிற்பது அதைவிடப் பெரிய தீங்கு என்று நான் கருதுகிறேன்.

மென்பொருளின் மாற்றப் பதிவேட்டைத் திறந்தால் அந்தப் பில்லுக்கு நேராக ஒரு வரி இருக்கும்: பில் எண், தேதி, நேரம், பழைய தொகை, புதிய தொகை, கடைசியில் மாற்றியவர் பெயர் 'அட்மின்'. அந்தக் கடைசிச் சொல் 12 பேரையும் குறிக்கிறது. ஆகவே ஒருவரையும் குறிக்கவில்லை. ஆனாலும் மாற்றம் நடந்த நேரமும், எந்தக் கணினியிலிருந்து நடந்தது என்பதைக் காட்டும் கணினிப் பெயரோ ஐபி முகவரியோ பல மென்பொருள்களில் பதிவாகும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் உட்காராத கணினியாக இருந்தால் சந்தேகம் பெருமளவு விலகும். இன்னொன்றையும் கவனியுங்கள். 48,600, 46,800 ஆகிய இரண்டிலும் அதே இலக்கங்கள்தான் இடம் மாறி நிற்கின்றன. வித்தியாசம் 1,800, அது 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது கணக்கர்களின் பழைய வழக்கம். யாரோ ஒருவர் வேறு எதையோ திருத்துவதற்காகப் பில்லைத் திறந்து, கை தவறித் தொகையை மாற்றி அடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இதை உங்கள் கணக்குப் பிரிவினரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

நிர்வாகியிடம் ஒன்று சொல்லலாம். வங்கியில் ஒவ்வொரு காசாளருக்கும் தனிப் பணப்பெட்டி தருகிறார்கள். மாலையில் கணக்குக் குறைந்தால் எந்தப் பெட்டியில் குறைந்தது என்று தெரிய வேண்டும், மற்றவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதை எந்தக் காசாளரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே கணக்கைப் பலர் பகிர்வதால் வரும் விபரீதம், கணினியில் கடவுச்சொல் புழக்கத்துக்கு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களில் இயங்கிய சி.டி.எஸ்.எஸ். என்ற கணினி அமைப்பில், ஒரு கணக்கை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்துவார் என்ற நம்பிக்கையில், கோப்புகளைத் திருத்தும் நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்துவந்தது. ஆனால் அமைப்பை நிர்வகித்தவர்கள் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 1966-இல் ஒருநாள், அவர்களில் ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் மற்றொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே சமயத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறி, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் காட்டப்பட்டன.

ஆளுக்கொரு ஐடி கிடைத்ததோடு வேலை முடிந்துவிடாது. சில மென்பொருள்களில் மாற்றப் பதிவேடு தானாக இயங்குவதில்லை. அமைப்புப் பகுதிக்குப் போய் அதை இயக்கிவைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை அழிக்கும் உரிமை அட்மினுக்கும் இருக்கக் கூடாது. பழைய பொது ஐடியின் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவசரம் என்று வரும்போதெல்லாம் எல்லோரும் அந்தப் பழைய வழியாகவே உள்ளே போவார்கள்.

கேள்வி: எங்களிடம் 40 பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று குறிக்க உட்கார்ந்தேன். ஓர் ஆளுக்கே 200-க்கும் மேற்பட்ட டிக் பெட்டிகள். இரண்டு நாளில் கைவிட்டுவிட்டேன். எளிய வழி உண்டா?

பதில்: அந்த வழியில் யாராலும் முடியாது, முடித்தாலும் ஆறு மாதத்தில் அது நடப்புக்குப் பொருந்தாமல் போய்விடும். ஆள் வருவார், போவார், பிரிவு மாறுவார். வேலைகள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. ஆகவே அனுமதியை ஆளோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள். 40 பேர் இருந்தாலும், பில் போடுவது, சரக்கு வரவு வைப்பது, வசூல், சம்பளம், கொள்முதல் என்று எண்ணிப் பார்த்தால் வேலைகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். மென்பொருளில் இதை 'ரோல்' என்பார்கள். பொறுப்பு என்று நாம் சொல்லலாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒருமுறை டிக் போட்டுவிட்டு, ஆளைப் பொறுப்பில் சேர்த்தால் போதும். டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் ஆகிய இரு கணினி ஆய்வாளர்கள் 1992-இல் இந்த முறையை முறைப்படி வரையறுத்துக் கட்டுரை எழுதினார்கள். இன்று பெரும்பாலான வணிக மென்பொருள்கள் இதை ஏதோ ஒரு வடிவத்தில் பின்பற்றுகின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு, ஆபத்தானவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மூடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் எதை மூட மறந்தோம் என்பது ஏதாவது நடக்கும் வரை தெரியாது. எல்லாவற்றையும் மூடிவிட்டு வேண்டியதை மட்டும் திறந்தால், திறக்க மறந்தது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். 'எனக்கு இந்தத் திரை வரவில்லை' என்று ஊழியரே வந்து நிற்பார். கணினி ஆய்வாளர்களான ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் எழுதிய கட்டுரையில் சொன்னதும் இதுதான்: வேலைக்கு வேண்டிய குறைந்தபட்ச உரிமையே போதும், வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் மறுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும்.

டிக் போடும்போது பார்த்தல், சேர்த்தல், திருத்தல், அழித்தல் ஆகிய நான்கையும் எல்லோரும் கவனிக்கிறார்கள். திரையின் ஓரத்தில் நிற்கும் 'எக்செல்லில் எடு' என்ற பொத்தானை மறந்துவிடுகிறார்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவர் ஒரு வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைப் பார்ப்பதும், எல்லா வாடிக்கையாளர்களின் எண், வாங்கிய அளவு, கொடுத்த தள்ளுபடி ஆகியவற்றை ஒரே கோப்பாக எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்வதும் ஒன்றாகாது. முதலாவது அவருடைய அன்றாட வேலை. இரண்டாவது, உங்கள் வணிகமே ஒரு கோப்பில் அடங்கி வெளியே போவது; கோப்பு வெளியேறிய நொடியிலிருந்து மென்பொருளில் நீங்கள் வைத்த ஒரு கட்டுப்பாடும் அதற்குப் பொருந்தாது. ஏற்றுமதி உரிமையை இரண்டு மூன்று பேருக்கு மேல் தராதீர்கள். யார் எப்போது எத்தனை வரிகள் எடுத்தார்கள் என்பதும் பதிவாகட்டும்.

மென்பொருள் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. அனுமதி இல்லாதவருக்குப் பொத்தான் மறைக்கப்படுகிறதா, அல்லது செயலே தடுக்கப்படுகிறதா? சில மென்பொருள்களில் மெனுவை மட்டும் எடுத்துவிடுவார்கள்; அந்தப் பக்கத்தின் முகவரியை நேரடியாகத் தட்டினால் திரை அப்படியே திறக்கும். சாதாரண ஐடியில் நுழைந்து, சம்பளப் பட்டியல் பக்கத்தின் முகவரியை நீங்களே ஒட்டிப் பாருங்கள். பட்டியல் வந்தால், அந்தக் கதவுக்குத் திரைச்சீலைதான் போட்டிருக்கிறார்கள், பூட்டுப் போடவில்லை.

நானும் இதில் தவறியிருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் புதிய மென்பொருளை நடைமுறைக்குக் கொண்டுவந்த வாரத்தில், வேலை நின்றுவிடக் கூடாது என்று 'ஒரு வாரத்துக்கு மட்டும்' எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாகப் போனபோது அது அப்படியே இருந்தது. தற்காலிக அனுமதி எதையும் முடியும் தேதியைப் பதியாமல் கொடுப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

கேள்வி: எங்கள் கணக்குப் பிரிவில் மூவர்தான். பதிவு செய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், பணம் அனுப்புபவர் ஒருவர் என்றெல்லாம் பிரிக்க ஆளுக்கு எங்கே போவது?

பதில்: ஆள் குறைவாக இருக்கும்போது எல்லாவற்றையும் பிரிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பிரித்தே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணைத் திருத்துபவரும், அந்தச் சப்ளையருக்குப் பணம் அனுப்புபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கணக்கு எண்ணைக் காலையில் மாற்றிப் பணத்தை அனுப்பிவிட்டு, மாலையில் பழைய எண்ணைத் திரும்ப வைத்துவிட்டால், லெட்ஜரில் எல்லாம் சரியாகவே தெரியும். வெளியிலிருந்து ஏமாற்றுபவர்களும் இதே இடத்தைத்தான் குறிவைக்கிறார்கள்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்' என்று சப்ளையரின் பெயரிலேயே மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சலில் இருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே கணக்கை மாற்ற வேண்டும்.

ஒரே கையில் இரண்டு வேலை சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பேரிங்ஸ் வங்கியைச் சொல்வார்கள். 1762-இல் தொடங்கப்பட்ட அந்தப் பிரிட்டிஷ் வங்கியின் சிங்கப்பூர் அலுவலகத்தில், பங்குச் சந்தை ஒப்பந்தங்களைச் செய்யும் பொறுப்பும், செய்த ஒப்பந்தங்களைச் சரிபார்த்துக் கணக்குத் தீர்க்கும் பொறுப்பும் நிக் லீசன் என்ற ஒரே அதிகாரியிடம் இருந்தன. நட்டங்களை அவர் 88888 என்ற பிழைக் கணக்கில், அதாவது தவறாக நடந்த ஒப்பந்தங்களைத் தனியே வைப்பதற்கான கணக்கில், ஒளித்துவந்தார். 1995 பிப்ரவரியில் எல்லாம் வெளிவந்தபோது நட்டம் 82.7 கோடி பவுண்டுகள். 233 ஆண்டுகள் நின்ற வங்கி வீழ்ந்து, ஒரே ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. கண்காணிக்க வேண்டிய கையும் கண்காணிக்கப்பட வேண்டிய கையும் ஒன்றாக இருந்ததால், உள்ளே எழுந்த எச்சரிக்கைகளும் நடவடிக்கையாக மாறாமலேயே கரைந்து போயின.

உங்கள் மூவருக்கு நான் பரிந்துரைப்பது இது. பதிவு செய்பவர் தன் பதிவுக்குத் தானே ஒப்புதல் தர முடியாதபடி மென்பொருளில் ஒரு விதியை வையுங்கள். பெரும்பாலான கணக்கு மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு பேர் ஒப்புதல் என்று வையுங்கள். பிறகு, கணக்குப் பிரிவைச் சாராத ஒருவர், முடிந்தால் உரிமையாளரே, மாதம் ஒருமுறை வங்கியிலிருந்து நேரடியாக எடுத்த அறிக்கையையும், அந்த மாதம் வங்கிக் கணக்கு எண் திருத்தப்பட்ட சப்ளையர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காரட்டும். மூவரில் ஒருவர் விடுமுறையில் போகும்போது அவருடைய பாஸ்வேர்டை மற்றவர் வாங்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால், இத்தனை ஏற்பாடும் வீண்.

கேள்வி: 30 நாளுக்கொரு முறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்வது நல்லதுதானே?

பதில்: நல்லது என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. நடைமுறையில் ஊழியர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி மாற்றிக்கொண்டே போகிறார்கள், அல்லது சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் வைக்கிறார்கள். அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. என்ற தர நிர்ணய நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கால இடைவெளி வைத்துக் கட்டாயமாக மாற்றச் சொல்வதைக் கைவிடுமாறும், கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் உடனே மாற்றச் செய்யுமாறும் கூறியது. நீளமான பாஸ்வேர்டு, ஏற்கெனவே கசிந்த பட்டியல்களில் இல்லாத பாஸ்வேர்டு, ஓர் இடத்தில் வைத்ததை வேறிடத்தில் வைக்காமை ஆகிய மூன்றுக்கும் முதலிடம் கொடுங்கள்.

அதற்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணைக் காட்டும் கைப்பேசிச் செயலி, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட மேல். சிம் கார்டை ஏமாற்றி மாற்றி வாங்கிக் குறுஞ்செய்தியைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் வைக்க முடியாவிட்டால், அட்மின் உரிமை உள்ளவர்களுக்கும் பணம் அனுப்புபவர்களுக்கும் முதலில் வையுங்கள்.

கேள்வி: வேலையை விட்டுப் போனவர்களின் ஐடிகளை அழித்துவிடலாமா? அழித்தால் அவர்கள் போட்ட பழைய வவுச்சர்கள் என்னவாகும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: அழிக்காதீர்கள், முடக்குங்கள். அழித்தால் சில மென்பொருள்களில் பழைய வவுச்சரில் 'பதிவு செய்தவர்' என்ற இடம் வெற்றிடமாகிவிடும். பிற்காலத்தில் ஆடிட்டர் கேட்டால் பதில் இருக்காது. முடக்கினால் பெயர் நிற்கும், நுழைய மட்டும் முடியாது. அதே ஐடியைப் பிறகு வருபவருக்குத் தூக்கிக் கொடுப்பதும் தவறு. இருவர் செய்த வேலை ஒரு பெயரில் கலந்துவிடும்.

கடைசி வேலை நாள் முடிகிற அதே மணி நேரத்தில் முடக்கம் நடக்க வேண்டும். அதற்கு, ஆள் விலகுவது மென்பொருளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தெரிய வேண்டும். பல இடங்களில் அவருக்கு அது தேநீர் வேளைப் பேச்சில்தான் தெரியவருகிறது. விலகல் படிவத்தில் மடிக்கணினி, அடையாள அட்டை ஆகியவற்றுக்குக் கையெழுத்து வாங்கும் இடத்திலேயே 'மென்பொருள் ஐடி முடக்கப்பட்டது' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். ஐடியை முடக்கினாலும், அவர் கைப்பேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் லாக்-இன் சில நாட்கள் உயிரோடு இருக்கலாம். 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று' என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்த வேண்டும். அவருக்குத் தெரிந்த பொது பாஸ்வேர்டுகள், மற்ற மென்பொருள்களோடு இணைப்பதற்காக அவர் உருவாக்கிய ஏபிஐ சாவிகள் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

புழக்கத்தில் இல்லாத ஐடி எதுவும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இருக்கக் கூடாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் (வெளியிலிருந்து நிறுவனத்தின் வலையமைப்புக்குள் வர உதவும் கணக்கின்) வழியாகத்தான். அதற்கு ஒரு பாஸ்வேர்டு மட்டுமே இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. நாட்டின் கிழக்குக் கடற்கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய் பல நாட்கள் நிறுத்தப்பட்டது.

விலகியவர்களைவிட எனக்குக் கவலை தருபவர்கள், விலகாமல் பிரிவு மாறியவர்கள். கொள்முதலிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கணக்குக்கும் மாறிய ஒரு நல்ல ஊழியரின் அனுமதிப் பட்டியலை ஒருமுறை பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய பொறுப்பைச் சேர்த்திருந்தார்கள். பழையதை யாரும் எடுக்கவில்லை. ஆர்டர் போடவும், சரக்கு வந்ததாகப் பதியவும், அதற்குப் பணம் அனுப்பவும் அவர் ஒருவராலேயே முடியும் என்ற நிலை. அவருக்கே அது தெரியாது. அவருடைய பாஸ்வேர்டு வெளியார் கையில் சிக்கியிருந்தால், பழி முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரிவின் தலைவரிடமும் அவருடைய ஆட்களின் அனுமதிப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்து, வேண்டாததை அடித்துக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: நிறுவனத்தின் உரிமையாளர் நான். எனக்கு எல்லா அனுமதியும் இருக்க வேண்டும் என்பதில் தவறு என்ன? மென்பொருள் நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவினரும் எப்போதும் உள்ளே வரும்படி ஒரு ஐடி கேட்கிறார்கள்.

பதில்: நிறுவனம் உங்களுடையது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் பாஸ்வேர்டைத் திருடுபவருக்கு நீங்கள் வைத்திருக்கும் எல்லா அனுமதியும் சேர்ந்தே கிடைக்கும் என்பதை யோசியுங்கள். மின்னஞ்சலில் வரும் பொய் இணைப்பு, பதவி பார்த்து விலகிப் போவதில்லை. உரிமையாளர்களையே தேடி வருகிறது. அன்றாடம் அறிக்கைகள் பார்க்க ஓர் ஐடி, அமைப்பை மாற்ற வேண்டிய அரிய நேரங்களுக்கு மட்டும் வேறொரு அட்மின் ஐடி என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது பாஸ்வேர்டை முத்திரையிட்ட உறையில் போட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டால், நீங்கள் இல்லாத நெருக்கடியிலும் நம்பகமான ஒருவர் எடுக்க முடியும். உறை கிழிந்திருப்பதே எடுத்ததற்குச் சாட்சி.

ஆதரவுப் பிரிவினர் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: நிரந்தர ஐடி வேண்டாம். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்திலிருந்து சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் முதலில் நுழைந்தது, குளிர்பதனப் பணிகளைச் செய்துவந்த ஒரு வெளி ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த லாக்-இன் வழியாக. பழுது இருக்கும்போது ஐடியைத் திறந்துகொடுங்கள், தொலைவிலிருந்து அவர்கள் வேலை செய்யும்போது உங்கள் ஆள் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும், முடிந்ததும் மூடுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரோடு ஒப்பந்தம் செய்யும்முன் மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: '256 பிட் குறியாக்கம் இருக்கிறது, கவலையே வேண்டாம்' என்கிறார் மென்பொருள் விற்பவர். நம்பலாமா?

பதில்: சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றிவைப்பதுதான் குறியாக்கம்; 256 பிட் என்பது அந்தச் சாவியின் நீளம். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது உங்கள் கவலையில் ஒரு பகுதிக்குத்தான் விடை. 2001-இல் தரமாக ஏற்கப்பட்ட ஏஇஎஸ் என்ற குறியாக்கம் இன்றும் வலுவானது. சர்வரின் வட்டைக் கழற்றிக்கொண்டு போனாலும், பயணத்தில் இருக்கும் தரவை இடையில் ஒட்டுக்கேட்டாலும் குறியாக்கம் காக்கும். சரியான ஐடியோடு முன்வாசல் வழியாக நுழைபவருக்கு மென்பொருளே பூட்டைத் திறந்து தரவைப் படித்துக் காட்டிவிடும். அங்கே காப்பது அனுமதிப் பட்டியல் மட்டும்தான்.

விற்பவரின் தரத்தை நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. உள்நுழையும் திரையில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்துங்கள். புதியதை வைக்கச் சொல்லி இணைப்பு வந்தால் நல்லது. உங்கள் பழைய பாஸ்வேர்டே எழுத்தில் மின்னஞ்சலாக வந்தால், அவர்கள் அதைத் திரும்பப் படிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பாஸ்வேர்டை அப்படி வைக்காமல், திரும்ப மாற்ற முடியாத வடிவமாக்கி, ஒவ்வொன்றோடும் வேறுவேறு கலவை எண்ணைச் சேர்த்து வைக்கும் முறையைக் கணினி ஆய்வாளர்களான ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே விளக்கி எழுதிவிட்டார்கள். இன்றும் அதைச் செய்யாதவரிடம் உங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஒப்படைக்காதீர்கள்.

கேள்வி: புதிய அறிக்கை ஒன்றை உருவாக்க, எங்கள் முழு டேட்டாபேஸின் நகல் வேண்டும் என்று நிரலாளர் கேட்கிறார். பேக்கப் கோப்பையே கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பேக்கப் கோப்பில் உங்கள் எல்லாத் தரவும் இருக்கிறது. நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பயனர் கட்டுப்பாடு எதுவும் அதைத் தனியாகத் திறப்பவரைத் தடுக்காது. மென்பொருளில் சம்பளத் திரையை யாரிடமிருந்து மறைத்தீர்களோ அவர் கையில் பேக்கப் கிடைத்தால், எல்லோர் சம்பளத்தையும் படித்துவிடலாம். ஆகவே பேக்கப்பைக் குறியாக்கம் செய்து, அதன் சாவியை வேறிடத்தில் வையுங்கள். அதை மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது உண்மையாகவே மீட்டெடுத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாக டேட்டாபேஸ் அழிக்கப்பட்டபோது, வைத்திருந்த ஐந்து பேக்கப் முறைகளில் எதுவும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை; யாரோ தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் உதவியது.

நிரலாளருக்கு உண்மையான பெயர்கள் தேவையில்லை. தரவின் அமைப்புதான் தேவை. பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், சம்பளம் ஆகியவற்றைப் பொய் மதிப்புகளால் நிரப்பி, சில நூறு வரிகள் மட்டும் கொண்ட ஒரு நகலைத் தயாரித்துக் கொடுங்கள். அறிக்கை முடிந்ததும் அவரிடம் இருக்கும் நகலை அழித்ததாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மைத் தரவில்தான் பிழை தெரிகிறது என்று அவர் சொன்னால், உங்கள் அலுவலகக் கணினியில், உங்கள் ஆள் பக்கத்தில் இருக்க, பார்க்கும் அனுமதி மட்டும் கொண்ட ஐடியில், அன்று மாலையோடு காலாவதியாகும்படி அவரைப் பார்க்க விடுங்கள்.